முதுமைக்குச் செய்வது தர்மமா, கடனா?

மனிதன் பலவீனனாகப் பிறக்கிறான். பிறகு பலம் பெறுகிறான். அந்தப் பலத்துக்குப் பின் மறுபடியும் பலவீனமும் நரையும் அவனை வந்தடைகின்றன. திருக்குர்ஆனின் ரூம் அத்தியாயம் நமக்கு நினைவூட்டும் உண்மை இது. முதல் பலவீனத்தைப் பற்றி நாம் யாரும் விவாதிப்பதில்லை. குழந்தை அழுதால் தாய் எடுத்துப் பாலூட்டுகிறாள். அதைத் தர்மம் என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் இரண்டாவது பலவீனம் வரும்போது மாத்திரம் நம் பேச்சு மாறிவிடுகிறது. "பெரியவருக்கு நம்மால் இயன்றதைச் செய்கிறோம்" என்கிறோம். "பாவம், வயதாகிவிட்டது" என்கிறோம்.

பலமிருந்த காலத்தில் பிறருக்காக உழைத்த ஒரு மனிதருக்கு, பலம் போன காலத்தில் நாம் செய்வது தர்மமா, அல்லது அவருக்கு நாம் தீர்க்க வேண்டிய கடனா? வியாபாரிகளாகிய நமக்கு இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தர்மம் கொடுப்பவனுடைய மனத்தைப் பொறுத்தது. இன்று கொடுக்கலாம், நாளை நிறுத்தலாம். கடன் அப்படியன்று. அது பேரேட்டில் ஏறிய தொகை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் தீர்க்கப்பட வேண்டியது. தீர்க்காமல் மௌத்தானால், வாரிசுகள் சொத்தைப் பங்கிடுவதற்கு முன்பாகவே அதைத் தீர்க்க வேண்டும் என்பது நம் மார்க்கத்தின் சட்டம்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு

கலீபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமை நீதிபதியாயிருந்த இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்கள் எழுதிய 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலில் ஒரு சம்பவம் காணப்படுகிறது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஒரு வாசலைக் கடந்து செல்கையில், கண் பார்வையிழந்த முதியவர் ஒருவர் யாசித்துக்கொண்டிருக்கக் கண்டார்கள். விசாரித்தபோது அவர் ஒரு யூதர் என்று தெரிந்தது. ஏன் இந்த நிலைமைக்கு வந்தீர் என்று கேட்டதற்கு, செலுத்த வேண்டிய வரியும் வறுமையும் வயதுமே காரணம் என்றார். உமர் (ரலி) அவர்கள் அவரைக் கையைப் பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று இருந்ததைக் கொடுத்தார்கள். அத்தோடு நிற்கவில்லை. பைத்துல்மால் பொறுப்பாளரை அழைத்து, இவரையும் இவரைப் போன்றவர்களையும் கவனித்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார்கள். இவருடைய வாலிபத்தை நாம் அனுபவித்துவிட்டு, வயோதிகத்தில் கைவிட்டால் நாம் நீதி செய்தவர்களாக மாட்டோம் என்பதே அவர்கள் சொன்ன காரணம். வரியும் அவர்மீதிருந்து நீக்கப்பட்டது.

இதில் மூன்று விஷயங்களை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்த முதியவர் உமர் (ரலி) அவர்களுக்கு உறவினரல்லர், முஸ்லிமும் அல்லர். இரண்டாவது, கையிலிருந்ததைக் கொடுத்ததோடு காரியம் முடிந்துவிட்டதாக அவர்கள் நினைக்கவில்லை. நாளைக்கும், அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் ஓர் ஏற்பாட்டைச் செய்தார்கள். மூன்றாவது, அவர்கள் சொன்ன காரணம் இரக்கமன்று, நீதி. உழைப்பை வாங்கிக்கொண்டவன் அதன் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்ற நீதி. எனவே, நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, யாருக்கு நாம் உதவலாம் என்பதன்று. யாருடைய வாலிபத்தை நாம் அனுபவித்தோம் என்பதே.

நம் வட்டாரத்தில் யாருடைய வாலிபம்?

கோலா சிலாங்கூரிலிருந்து ஈஜோக், புக்கிட் ரோத்தான், 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றப்பட்ட பத்தாங் பெர்ஜுந்தை வரையிலுள்ள பகுதியைத் தோட்டங்களே உருவாக்கின. இந்நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை பயிரிடப்பட்டதும் இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், ஆண்டு 1917. தோட்டத்தின் பெயரே தமிழ்ப் பெயர். காட்டை வெட்டியவர்களும், பால்மரம் சீவியவர்களும், செம்பனைக் குலை சுமந்தவர்களும் யார் என்பதை அந்தப் பெயரே சொல்லும். தோட்டத்தை நம்பித்தான் நம் மளிகைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் துணிக்கடைகளும் வளர்ந்தன. சம்பள நாளில் அவர்கள் கைக்கு வந்த வெள்ளி, பற்றுக் கணக்கைத் தீர்ப்பதற்காக நம் கல்லாப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. ஊரில் நாம் கட்டிய வீட்டிலும், நம் பெண் மக்களின் நிக்காஹ் செலவிலும் அவர்கள் உழைப்பின் ஒரு பகுதி இருக்கிறது.

அந்தத் தொழிலாளருக்கு முதுமையில் என்ன நேர்ந்தது? வேலையோடு சேர்ந்த வீடு, வேலை முடிந்ததும் போய்விட்டது. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் என்ற ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள், தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த கதையை நம் வட்டாரத்தில் அறியாதவர் இலர். வாக்குக் கிடைத்தபோது நடுவயதில் இருந்தவர், காத்திருந்தே கிழவரானார். வீடு தர்மமாகக் கருதப்பட்டிருந்தால் அவர் கேட்கவே வழியில்லை. கடனாக இருந்ததால்தான் இத்தனை காலம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதுமையைக் கடனாகக் கருதிய சட்டங்களும் உண்டு. 1889-ஆம் ஆண்டில் ஜெர்மனி, தொழிலாளியும் முதலாளியும் பணம் கட்டி, 70 வயதில் உதவித்தொகை பெறும் சட்டத்தை இயற்றியது. இந்நாட்டில் 1951-இல் ஊழியர் சேமநிதி ஏற்பட்டது. அப்போது தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 5 சதவிகிதம். முதலாளியின் பங்கு 5 சதவிகிதம். இப்போது தொழிலாளி 11 சதவிகிதமும், 5,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளமானால் முதலாளி 13 சதவிகிதமும் கட்டுகிறார்கள். முதலாளி கட்டும் பங்கு அன்பளிப்பன்று. அது தள்ளிப்போடப்பட்ட கூலி. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி நம் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். இந்தப் பகுதிக் கூலியைத் தொழிலாளிக்கு வயது வந்த பிறகே கொடுப்பதென்று சட்டம் வைத்திருக்கிறது. எனவே, அதைக் கட்டாமல் விடுகிறவன் சர்க்காரை ஏமாற்றவில்லை. ஒரு கிழவரின் சோற்றை எடுத்துக்கொள்கிறான்.

நம் கடைச் சிப்பந்திகள்

தோட்ட முதலாளியைப் பற்றிப் பேசும்போது நமக்கு வாய் நன்றாகத் திறக்கிறது. நம் கடையைப் பற்றி என்ன சொல்வோம்? பதினெட்டு, இருபது வயதில் ஊரிலிருந்து வந்து, கடை மாடியில் படுத்து, விடிவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டி, முப்பது வருஷம் நம் கடையை நிலைநிறுத்தியவர்கள் பலர். அவர்களை நாம் "நம்ம பையன்" என்றே அழைத்து வந்தோம். பிள்ளை போல் வைத்திருந்தோம் என்றும் சொல்லிக்கொள்கிறோம். பிள்ளையென்றால் சொத்தில் பங்குண்டு. சிப்பந்தியென்றால் சேமநிதியில் பங்குண்டு. இரண்டிலும் பங்கில்லாமல், முட்டி வலியோடு ஒரு பெட்டியையும் ஆயிரம் வெள்ளியையும் கொடுத்து ஊருக்கு அனுப்பி வைத்தால், அவரை நாம் எந்தக் கணக்கில் எழுதினோம்?

அந்நிய நாட்டுத் தொழிலாளருக்குச் சேமநிதி கட்டுவது முன்பு விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தது. 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து அது கட்டாயமாக்கப்பட்டது. முதலாளி 2 சதவிகிதம், தொழிலாளி 2 சதவிகிதம். மாதம் 1,700 வெள்ளி சம்பளமானால் முதலாளியின் பங்கு 34 வெள்ளி. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளிக்குச் சற்று அதிகம். ஒரு குவளைத் தேத்தண்ணீரின் விலைகூட ஆகாது. சட்டம் வருவதற்கு முன்பே இதை நாமாகச் செய்திருந்தால் எவ்வளவு பரக்கத்தாக இருந்திருக்கும்! இப்போது சட்டம் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளாமல், நீண்ட காலம் உழைத்தவருக்கு அதற்கு மேலும் ஒரு தொகையை மாதாமாதம் ஒதுக்கி வருவது நமக்கு அழகு.

"கடையில் மிச்சம் எங்கே இருக்கிறது? பேரங்காடிகள் வந்து நம் வியாபாரத்தை விழுங்கிவிட்டன" என்று சிலர் சொல்லக்கூடும். இது பொய்யன்று. ஆனால் கடை வாடகையும், விளக்குக் கட்டணமும், சாமான் வாங்கிய கடனும் நமக்கு மிச்சமில்லை என்பதற்காக நிற்கின்றனவா? அவற்றைக் கொடுத்த பிறகுதான் மிச்சத்தைப் பார்க்கிறோம். சிப்பந்தியின் முதுமையை மாத்திரம் மிச்சம் பார்த்த பிறகு எண்ணுவதற்குக் காரணம், அதை நாம் இன்னும் தர்மக் கணக்கிலேயே வைத்திருப்பதுதான்.

பெற்றோருக்குச் செய்வது

பெற்றோர் விஷயத்தில் மார்க்கம் மிகக் கண்டிப்பாக இருக்கிறது. அல்லாஹ்வை வணங்குவதற்கு அடுத்தபடியாகப் பெற்றோருக்கு நன்மை செய்வதை வைத்து, அவர்கள் முதுமை அடைந்த நிலையில் சலிப்பைக் காட்டும் ஒரு சிறு சொல்லைக்கூடச் சொல்லலாகாது என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயம் கட்டளையிடுகிறது. சிங்கப்பூரில் 1995-ஆம் ஆண்டிலும் இந்தியாவில் 2007-ஆம் ஆண்டிலும், பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று சட்டமே இயற்றினார்கள். கைவிடப்பட்ட தகப்பன் விசாரணை மன்றத்தில் மனுச் செய்து மாதப் பணம் பெறலாம். சட்டம் வந்தது நல்லதே. ஆயினும் சட்டத்தால் வாங்கித் தரக்கூடியது பணம் மட்டுமே. சலிப்பில்லாத ஒரு வார்த்தையை எந்த மன்றமும் வாங்கித் தர முடியாது. பிள்ளைகளின் கடனில் பணம் ஒரு பாதி. முகமலர்ச்சி மறு பாதி. நம்மில் பலர் ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டு முழுக் கடனும் தீர்ந்ததாக நினைக்கிறோம். வாப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறதா, உம்மா இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார்கள் என்று கேட்பதற்குப் பணம் செலவில்லை, நேரம்தான் செலவு.

நம் உடம்புக்கு நாம் பட்டிருக்கும் கடன்

உன் உடம்புக்கும் உன்மீது உரிமை உண்டு என்ற கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள், இபாதத்தில் அளவு மீறிய ஒரு தோழருக்கே எடுத்துச் சொன்னார்கள். வியாபாரத்தில் அளவு மீறுகிற நமக்கு அது எத்தனை மடங்கு பொருந்தும்! விடியற்காலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்குச் சாத்துகிறோம். கல்லாவில் உட்கார்ந்தபடியே டின் பால் ஊற்றிய தேத்தண்ணீரை நாளைக்கு நாலைந்து முறை குடிக்கிறோம். பசியை அடக்கி அடக்கி, கடை சாத்திய பின் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறோம்.

2023-ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தவர்களில் 15.6 சதவிகிதத்தினருக்கு இனிப்பு நீர் வியாதி இருக்கிறது. அதாவது ஆறு பேரில் ஒருவர். இரத்தக் கொதிப்பு 29.2 சதவிகிதம். இனிப்பு நீர் இந்திய வம்சத்தினரிடையே மற்றவர்களைவிட அதிகம். இந்த வியாதிகள் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. அதுதான் அவற்றின் ஆபத்து. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை ஆண்டுக்கணக்கில் சிறு நாளங்களைக் கெடுக்கிறது. கால் மரத்துப்போகிறது, குத்திய முள் தெரிவதில்லை, புண் ஆறுவதில்லை. கண் மங்குகிறது. கடைசியில் சிறுநீரகம் வேலை நிறுத்தம் செய்கிறது. பிறகு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் சுமார் நான்கு மணி நேரம், இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். அங்கே அழைத்துச் செல்வது யார்? ஒரு மகன் தன் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும். நாற்பது வயதில் நாம் அலட்சியம் செய்ததற்குரிய கிரயத்தை அறுபது வயதில் பிள்ளைகள் கட்டுகிறார்கள். ஆகவே சுகத்தைப் பேணுவது நமக்காக மட்டும் செய்வதன்று. பிறர்மீது நாம் ஏற்றக்கூடிய சுமையை முன்கூட்டியே குறைப்பதும் ஒரு கடனைத் தீர்ப்பதே.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. சர்க்கார் சுகாதார நிலையத்தில் ஒரு வெள்ளியில் வைத்தியரைப் பார்க்கலாம். நம் மாவட்டத்து ஆஸ்பத்திரி தஞ்சோங் காராங்கில் இருக்கிறது. சபாக் பெர்ணம் பக்கத்தில் உள்ளவர்களுக்குத் தெங்கு அம்புவான் ஜெமாஆ ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசாங்க உதவித்தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைக் கடந்தவர்களுக்கு, 2019-இல் தொடங்கப்பட்ட பேக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடக்க வேண்டும் என்கிறார்கள் உலக சுகாதார ஸ்தாபனத்தார். சுபுஹுத் தொழுகைக்கு மோட்டாரில் போகாமல் நடந்தே போய்வந்தால் அதில் பெரும் பகுதி நிறைவேறிவிடும். வீட்டில் முதியவர் ஒளுச் செய்யும் இடத்தில் சுவரில் ஒரு கைப்பிடி பதித்து, தரை வழுக்காமல் பார்த்துக்கொண்டால், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழும் ஆபத்து பெரிதும் குறையும்.

"அல்லாஹ் படியளப்பான், எதற்கு இத்தனை ஏற்பாடு?" என்று கேட்பவர்களும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை அவர்கள் நினைக்கட்டும். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது மேல் என்று ஸஅது (ரலி) அவர்களுக்குச் செய்த உபதேசத்தையும் நினைக்கட்டும். இந்நாட்டில் ஒரு காலத்தில் ஹஜ்ஜுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுப் போய், திரும்பிவந்து வறுமையில் வாடியவர்கள் இருந்தார்கள். இதைக் கண்டு 1959-இல் பேராசிரியர் உங்கு அஸீஸ் ஒரு யோசனை சொன்னார். 1963-இல் ஹஜ்ஜாஜிகளுக்கான சேமிப்பு நிதி ஏற்பட்டது. இன்று தாபோங் ஹாஜியில் சிறுகச் சிறுகச் சேர்த்து ஹஜ்ஜுச் செய்வதைத் தவக்கலுக்கு மாறானது என்று யாராவது சொல்கிறார்களா? முதுமையும் ஒரு பிரயாணம். அதற்குக் கட்டுச்சோறு வேண்டும்.

கடை நடத்தும் நமக்குச் சேமநிதி கட்ட முதலாளி இல்லை. ஆனால் நாமாகச் சேமநிதியில் பணம் போடலாம். ஐ-சாரான் திட்டத்தில் 60 வயதுக்குட்பட்டவர் போடும் தொகைக்கு 2025 முதல் அரசாங்கம் 20 சதவிகிதம், ஆண்டுக்கு 500 வெள்ளி வரையில், ஆயுளில் மொத்தம் 5,000 வெள்ளி வரையில் சேர்த்துத் தருகிறது. நாளைக்கு ஐந்து வெள்ளி எடுத்து வைத்தால் மாதம் 150, ஆண்டுக்கு 1,800, அதற்கு அரசாங்கம் தருவது 360 வெள்ளி. வட்டியைப் பற்றி மனம் உறுத்துகிறவர்களுக்காக 2017 முதல் ஷரீஅத் முறைச் சேமிப்பும் இருக்கிறது. சேமநிதியில் பெயர் குறிக்கப்பட்டவர், முஸ்லிம்களைப் பொறுத்தவரையில், பணத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். பராயிளின்படி பங்கிட வேண்டிய பொறுப்பாளரே. இதை உயிரோடிருக்கும்போதே வீட்டாருக்குச் சொல்லி வைப்பது நல்லது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை

கடன் ஒரு பக்கத்தில் மாத்திரம் இருப்பதில்லை. கை நடுங்கும் வயதிலும் கல்லாச் சாவியை விடாத பெரியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். சாவியைக் கொடுத்துவிட்டால் மரியாதை போய்விடும் என்ற பயம். ஐம்பது வயது மகன் பத்து வெள்ளிக்கு வாப்பாவின் முகத்தைப் பார்த்து நிற்கிறான். அவன் மனத்தில் அன்பு வளருமா? கணக்கைப் படிப்படியாகக் கற்றுக்கொடுத்து, தம் ஜீவனத்துக்கு வேண்டியதைத் தம் பெயரில் வைத்துக்கொண்டு, கடையை ஒப்படைக்கிற பெரியவர் மரியாதையை இழப்பதில்லை. யோசனை கேட்டு மகன் அவரிடம் வருவான். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதும் தவறு. எதையும் கொடாமல் இறுகப் பிடிப்பதும் தவறு.

சங்கம் செய்யக்கூடியது

பிள்ளைகளும் முதலாளியும் இல்லாதவருக்கு யார் கடன்காரர்? உமர் (ரலி) அவர்கள் பைத்துல்மாலை நோக்கிக் கை காட்டியதிலிருந்தே பதில் தெரிகிறது: சமுதாயம். பிள்ளை குட்டிகள் ஊரில் இருக்க, இங்கே கடை மாடியில் தனியாகக் காலம் தள்ளும் பெரியவர்கள் நம் பட்டணங்களில் உண்டு. அவர்களுக்குச் சங்கம் பெரிய மாளிகை கட்ட வேண்டியதில்லை. அறுபது வயதைக் கடந்த அங்கத்தினர்களின் பட்டியல் ஒன்று தயாரிக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு வாலிபர் பொறுப்பேற்று வாரம் ஒரு முறை நேரில் போய்ப் பார்க்கட்டும். ஆஸ்பத்திரித் தவணை நாளில் தஞ்சோங் காராங்குக்கு அழைத்துச் செல்ல, வாகனம் உள்ளவர்கள் முறை வைத்துக்கொள்ளட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஜும்ஆவுக்குப் பின் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பார்க்க ஏற்பாடு செய்யட்டும். ஆதரவில்லாத முதியோருக்குச் சமூக நல இலாகா கொடுக்கும் உதவித்தொகை 2025-இல் மாதம் 600 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. சிலாங்கூர் ஜகாத் வாரியத்திலும் பக்கீர், மிஸ்கீன்களுக்கு உதவி உண்டு. விண்ணப்பத் தாள் எழுதத் தெரியாமல் இவற்றை இழப்பவர்களுக்கு எழுதிக் கொடுப்பதும் ஒரு ஸதக்காவே. அந்தத் தாளை எழுதும் மேஜையில், நம் கடைக்குப் பற்று வைத்து வாங்கிய தோட்டத்துப் பெரியவரும் வந்து உட்காரலாம் என்றிருக்க வேண்டும். உமர் (ரலி) அவர்கள் கையைப் பிடித்து அழைத்துச் சென்றவர் எந்த மதத்தவர் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆண்டு முடிவில் கடைக் கணக்கைச் சரிபார்க்கும் வழக்கம் நமக்கு உண்டு. யாரிடமிருந்து வரவேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பார்க்கிறோம். இந்த ஆண்டு அந்தக் கணக்கோடு இன்னும் நாலு பெயர்களை எழுதிப் பார்ப்போம்: பெற்றோர், நீண்ட நாள் சிப்பந்தி, பக்கத்தில் தனியாயிருக்கும் பெரியவர், நம் சொந்த உடம்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே எவ்வளவு தீர்த்தோம், எவ்வளவு பாக்கி என்று எழுதுவோம். பாக்கியிருந்தால் கையில் பலமிருக்கும்போதே கட்டத் தொடங்குவோம். தர்மத்துக்கு நன்றி எதிர்பார்க்கலாம். கடனைத் தீர்த்தவன் நன்றியை எதிர்பார்ப்பதில்லை, நிம்மதியாகத் தூங்குகிறான்.

நம் வாலிபத்தை நன்மையில் செலவிடவும், பிறர் வாலிபத்துக்குரிய கடனை மௌத்துக்கு முன் தீர்க்கவும், எவருக்கும் பாரமில்லாத முதுமையைப் பெறவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.